முள்ளங்கித் தழை, இருபது அடி

எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர்.
நாற்பத்தோரு மணி நேரமாக
என் டிரெய்லர் அதில் நிற்கிறது.
முன்னால் ஒரு நீலப்பெட்டி, அதற்கு முன்னால் சிவப்பு,
அதற்கும் முன்னால் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
துறைமுகத்தின் கேட் எங்கோ இருக்கிறதாம்.

பெட்டிக்குள் என்ன சரக்கென்று எனக்குத் தெரியாது.
சீல் வைத்த கதவு.
எனக்குத் தெரிந்த சரக்கு இருக்கைக்குக் கீழே:
இரண்டு லிட்டர் குக்கர், சின்ன சிலிண்டர்,
பிஸ்கட் டப்பாவில் துவரம்பருப்பு,
ஊறுகாய் பாட்டிலில் கடுகு.

காலையில் எங்கள் நிழல் மேற்கே விழும்.
காலடிப்பேட்டைக்குப் போகிற தேவகிருபை
தள்ளுவண்டியை அதில் கொஞ்சம் நிறுத்துவாள்.
லாரி நிழல் வாடகை கேட்பதில்லை.
அங்கேதான் முள்ளங்கிக்குக் கழுத்தைத் திருகுவாள்.
கிழங்கு வண்டியில், தழை தரையில்.
ஏன் என்றேன்.
"வெள்ளையாத்தான் கேக்குறாங்க.
பச்சைய எடைக்குப் போட்டா சண்டைக்கு வர்றாங்கப்பா."
கொம்பில் பழைய பெயின்ட் உரிந்த பசு ஒன்று
அவளுக்கு முன்பே வந்து காத்திருக்கும்.

"பாதி எனக்குக் குடு."
"உனக்கா? நீ மாடு வச்சிக்கினு கீறியா?"
"நான் துன்றதுக்கு."
அவள் பசுவைப் பார்த்தாள்.
பசு என்னைப் பார்த்தது.
இளசாக இரண்டு கை அள்ளிக்கொண்டேன்.
முற்றினதெல்லாம் அதற்கு.

முள்ளங்கித் தழையில் சுணை உண்டு,
முன்கையில் உரசினால் சுருக்கென்னும்.
வேரோரம் மண். மூன்று அலசல் வேண்டும்.
குடிக்கிற கேன் தண்ணீரில் மூன்று அலசலா என்று
க்ளீனர் தனஞ்செழியன் முறைத்தான்.
முறைத்துவிட்டு, அலசின தண்ணீரில்
முன்கண்ணாடியின் நிலக்கரித் தூசைத் துடைத்தான்.

நிழலில், நடைபாதை ஓரம் அடுப்பு.
பருப்பு, மஞ்சள், தோலோடு நசுக்கின பூண்டு,
நாலு பச்சை மிளகாய், அழுங்கின தக்காளி ஒன்று.
முதல் விசில்.
இரண்டாவது வருவதற்குள்
நீலப்பெட்டி நகர்ந்தது.

இருபது அடி.
விட்டால் பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைப்பான்,
நாற்பத்தோரு மணி நேரமும் போச்சு.
நான் ஏறி கியர் போட்டேன்.
நிழலும் என்னோடு வந்துவிட்டது.
பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன்:
துண்டு சுற்றின குக்கரை
சாமி தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு தனஞ்செழியன்,
அடுப்போடு பின்வண்டி ஜபருல்லா,
கடைசியில், மரியாதையான தூரத்தில், பசு.

குக்கரைத் திறந்து தழையை அரிந்து போட்டபோது
இரண்டு கை நிறைய இருந்தது
இரண்டு கரண்டியாகச் சுருங்கியது.
முதலில் ஒரு நெடி வரும்,
வேண்டாத விருந்தாளி ஏப்பம் விட்டாற்போல.
பொறுக்க வேண்டும். உப்பு போட வேண்டும்.
மத்து ஏது, டம்ளரின் அடியால் மசித்தேன்.
எண்ணெய், கடுகு, கிள்ளின மிளகாய்.
பெருங்காயம் விழுந்ததும்
பின்னால் மூன்று வண்டிகளின் கதவு திறந்தது.

ஜபருல்லா ஆறிய சோறு கொண்டுவந்தான்.
யாரோ அப்பளம்.
கசப்பு இருந்தது, லேசாக,
கசப்பென்று சொல்லுமுன் தொண்டைக்குள் போய்விடுகிற அளவு.

போன் அடித்தது. என் வீடு காலடிப்பேட்டைதான்.
நடந்தால் இருபது நிமிஷம்.
வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாததால்
அந்த இருபது நிமிஷம் இரண்டு நாளாகத் தூரத்தில் இருக்கிறது.
கோமளவல்லி கேட்டாள், சாப்பிட்டாயா என்று.
"இங்க முள்ளங்கி சாம்பார்.
தேவகிருபைகிட்ட வாங்கினேன்.
ஒரு தழை இல்ல, அவ்ளோ சுத்தமாக் கொண்டாந்தா."

நான் பதில் சொல்லவில்லை.
வாயில் தழை இருந்தது.

"இன்னாத்த மெல்ற?" என்றாள்.
பின்னால் ஹாரன்.
நீலப்பெட்டி மறுபடி நகர்கிறது.
மிச்சத்தை மூடி, குக்கரை மடியில் வைத்துக்கொண்டு
கிளட்சை மிதித்தேன்.
தொடையில் அதன் சூடு.